எல்லோரும் நேராகப் பார்த்தோம்

1

இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பிலிருந்து பிறந்தது. பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பகலில் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் சரிபார்ப்பவன். மாலையில் சட்ட வகுப்பு, இரண்டாம் ஆண்டு. குற்றவியல் நடைமுறைத் தாளுக்கு ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னார் மேடம். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'அடையாள அணிவகுப்பும் நியாயமும்'. சந்தேக நபரை அவர் சாயலில் உள்ள வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி, சம்பவத்தைப் பார்த்த சாட்சியைக் கூப்பிட்டு, "இவர்களில் அந்த ஆள் இருக்கிறாரா?" என்று கேட்பார்களே, அதுதான் அடையாள அணிவகுப்பு. கட்டுரை இருபத்திரண்டு பக்கம் வந்தது. அடிக்குறிப்புகள் முப்பத்தொன்பது. அவற்றில் பதினான்காவது இது:

"கட்டுரையாளர் அறிந்த ஓர் அணிவகுப்பில், துணைக்கு நிறுத்தப்பட்ட ஏழு பேரும் ஒரே வகுப்பு மாணவர்கள். சாட்சி உள்ளே வந்தபோது ஏழு பேரும் சந்தேக நபரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

மேடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது மற்ற முப்பத்தெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கை மட்டும் வட்டமிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "எப்படி அறிந்தார்?"

அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் கதையாக நீண்டுவிட்டது. (நீண்டுவிட்டது என்பது பொய். நேராகப் பதில் சொல்லத் தைரியம் இல்லாமல் நான்தான் கதையாக்கினேன்.)

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். அடித்ததையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

முதலாவது: "அந்த அறையில் எட்டு ஆண்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் குற்றவா

இங்கே பேனாவை எடுத்துவிட்டேன். வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தச் சொல்லை முடிக்க நான் யார்?

இரண்டாவது: "ஒரு நிரபராதியின் வெறுங்கால்கள் குளிர்ந்த தரையில்

இதுவும் அதே தப்புதான், மறுபக்கத்திலிருந்து.

மூன்றாவது: "நான் மூன்றாவதாக நின்றேன்."

இதை அடிக்கவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான், ஆகவே இதிலிருந்து தொடங்குகிறேன்.

3

நான் மூன்றாவதாக நின்றேன்.

அதற்கு முந்தின நாள், வகுப்பு முடிந்து எல்லோரும் பையைத் தூக்கும் நேரத்தில் ஜாமீன் எங்களை வழிமறித்தான். ஜாமீன் என்பது வகுப்பில் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர். வருகை குறைந்து மாட்டியவன், கட்டுரை கொடுக்காமல் மாட்டியவன் யாராக இருந்தாலும், ஒரு கதை சொல்லி வெளியே எடுத்துவிடுவான்.

"நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம். ஏழு பேர் வேணும். இருபத்தஞ்சு முப்பது வயசு, மாநிறம், மீசை. சும்மா நின்னாப் போதும்."

"எங்கடா நிக்கணும்?"

"அடையாள அணிவகுப்புல. மாஜிஸ்திரேட் ஆபீஸ்ல தெரிஞ்சவர் கேட்டார். புக்குல படிக்கிறதக் கண்ணால பார்த்துக்கலாம்ல."

"எனக்கு மீசை இன்னும் சரியா வரலையேடா," என்றான் ஒருவன்.

"நீ கடைசில நில்லு. அங்க வெளிச்சம் கம்மி."

சனிக்கிழமை காலை பத்தரை மணி. நீளமான அறை. சுவரில் இடுப்பளவுக்குப் பச்சை, அதற்கு மேல் ஒரு காலத்து வெள்ளை. கதவு ஒரு கோடியில். கதவுக்கு அருகில் முதலாம் ஆள். அங்கிருந்து உள்பக்கமாக எண்ணினால் இரண்டாவது ஜாமீன், மூன்றாவது நான்.

மாஜிஸ்திரேட் கவனமான மனிதர். இதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். எங்கள் சட்டைப்பைகளிலிருந்த பேனாக்களை எடுக்கச் சொன்னார். சந்தேக நபரின் செருப்பை லாக்கப்பில் வாங்கி வைத்திருந்தார்கள். அதனால் எங்களையும் ஷூவைக் கழற்றச் சொன்னார். சந்தேக நபரிடம், "உங்களுக்கு எந்த இடம் வேணுமோ அங்க நில்லுங்க," என்றார். அவர் வரிசையை ஒரு முறை பார்த்தார். நாலாம் ஆளுக்கு அடுத்து வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு ஐந்தாம் ஆள்.

எட்டு ஜோடி வெறுங்கால்கள். ஏழு ஜோடியின் கணுக்காலில் சாக்ஸ் ரப்பர் பதிந்த வளையம். எட்டாவது ஜோடியின் நகங்களில் சுவர்ப் பெயிண்ட். மாஜிஸ்திரேட் கீழே பார்க்கவில்லை.

"யாரும் பேசக் கூடாது. எல்லாரும் நேராப் பாருங்க," என்றவர், விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு.

இரண்டு என்றதும் ஜாமீன் உதடு அசையாமல், "பிரசென்ட் மேடம்," என்றான். மூன்று என்று என்னைக் காட்டியபோது மறுபடி அவனே, "பிரசென்ட் மேடம்." வகுப்புக்கு வராதவனுக்காக அவன் வைத்திருக்கும் மூக்கடைத்த குரலில்.

வகுப்பில் சிரிப்பை அடக்கிப் பழகியவர்களுக்கு இது தெரியும். அடக்கும்போது சிநேகிதன் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உடைந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிந்த முகம், எல்லாவற்றுக்குள்ளும் அதே சிரிப்பு. அந்த வரிசையில் பார்க்கக்கூடிய அந்நிய முகம் ஒன்றுதான் இருந்தது.

கதவு திறந்தது. சாட்சி உள்ளே வந்தார். மருந்துக்கடை நடத்தும் அம்மா, ஐம்பது வயதிருக்கும். மூன்று வாரம் முன்பு ஒருவன் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியால் அவர் தலையில் அடித்துவிட்டுக் கல்லாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தான். இடது காது போய்விட்டது. அவர் வாசலில் நின்று வரிசையைப் பார்த்தபோது ஏழு தலைகள் ஐந்தாம் ஆள் பக்கம் திரும்பியிருந்தன. ஐந்தாம் ஆள் மட்டும் சொன்னபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாலு பேரை அந்த அம்மா ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே ஐந்தாம் ஆள் முன்னால் போய் நின்றார். தோளைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது நடைமுறை. கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டித் தொட்டார்.

"இவர்தான்."

4

மேலே உள்ளதை எழுதியது போன வாரம். இன்று செவ்வாய்க்கிழமை. பதினொரு மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், மதிய இடைவேளையில் இதைத் தொடர்கிறேன். யாராவது கீழே பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பக்கத்தில் கயிறு ஓடுகிறது; கையெழுத்து அங்கங்கே ஆடியிருந்தால் அதுதான் காரணம். (அது மட்டுமே காரணமில்லை. நாளை மறுநாள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல எனக்கு சம்மன் வந்திருக்கிறது.)

அன்று எல்லாம் முடிந்ததும் மாஜிஸ்திரேட் ஓர் அச்சடித்த படிவத்தை நீட்டினார். "துணைக்கு நின்றவர்கள் அறிவுறுத்தியபடி நடந்துகொண்டார்கள், எல்லோரும் நேராகப் பார்த்தபடி நின்றார்கள்." அச்சிலேயே இருந்தது அந்த வரி. கீழே ஏழு கோடுகள். ஏழு கையெழுத்துகள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல டைரி எழுதினேன். என் டைரி எண் போட்டுப் போகும். அன்றைய பக்கத்தை இங்கே மாற்றாமல் தருகிறேன்:

1. அணிவகுப்பு, காலை 10.30. 2. எட்டுப் பேர். நான் மூன்றாவது. 3. ஷூ கழற்றினோம். 4. ச.ந. தானே இடம் தேர்ந்தார், ஐந்து. 5. ஜாமீன் சிரிப்புக் காட்டினான். 6. சாட்சி தொட்டுக் காட்டினார். 7. எல்லோரும் நேராகப் பார்த்தோம்.

ஏழாவதைப் படித்தீர்கள் அல்லவா. அது என் கையெழுத்து.

அதை ஏன் எழுதினேன் என்று விளக்க என் பகல் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு லிஃப்டுக்கும் முப்பத்தொரு சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு டிக். முதல் மாதம் கண் பார்த்த பிறகு கை டிக் போடும். ஆறாவது மாதத்தில் கை முன்னே போய்விடும், கண் பின்னால் வரும். ஒரு தடவை, பத்தொன்பதாவது சோதனையான கதவு சென்சாருக்கு டிக் போட்டுவிட்டு உள்ளே கால் வைத்தேன். கதவு என் முழங்கையை நசுக்கியது. சென்சார் செத்துப்போயிருந்தது. டிக் போட்ட பேனா இன்னும் அதே கையில்தான் இருந்தது.

டைரியின் ஏழாவது வரி அப்படிப்பட்ட டிக். அன்று படிவத்தில் படித்த வாக்கியத்தைக் கை கொண்டுவந்து வைத்துவிட்டது.

அப்படித்தான் நான் நினைக்கிறேன். நீதிமன்றம் அப்படி நினைக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

5

கட்டுரைக்காகப் படித்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

ஆய்வாளர்கள் சொல்வது பெரும்பாலும் எளிமையான விஷயங்கள். அணிவகுப்பை நடத்துபவருக்கே சந்தேக நபர் யாரென்று தெரியாமலிருப்பது நல்லது. தெரிந்தால் அவர் மூச்சுவிடுவதிலேயே காட்டிக்கொடுத்துவிடுவார். "அந்த ஆள் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், இருப்பவர்களில் யார் கிட்டத்தில் வருகிறாரோ அவரைக் காட்டுவார். காட்டியவுடன் எவ்வளவு நிச்சயம் என்று கேட்டு, அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நிச்சயம் வளரும். முதல் நாள் "இவர் மாதிரிதான் இருக்கு" என்றவர், ஒரு வருடம் கழித்துக் கூண்டில் ஏறி "இவரேதான், சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்த முகத்தைத் தினமும் நினைத்திருக்கிறார். அடித்தவனின் உடம்பில் அது ஒட்டிக்கொண்டது.

நான் படித்தவரையில், சாட்சியின் கண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். சந்தேக நபரின் முகத்தைப் பற்றியும்தான். வரிசையில் சும்மா நிற்கும் எங்கள் கண்ணைப் பற்றி ஓரிரு பத்திகள். அதில் ஒரு பத்தியைப் படித்தபோதுதான் அது நடந்தது. "துணை ஆட்களின் பார்வையே குறிப்பாக அமைந்துவிடக் கூடும்." நூலக மேசையில் உட்கார்ந்திருந்த என் கழுத்து வலப்பக்கமாகத் திரும்பியது. கழுத்துக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. பிறகு சிரிப்பு. அதற்குப் பிறகு ஐந்தாம் ஆளின் முகம்.*

* இந்த நட்சத்திரக் குறியை வாசகர் கவனிக்க வேண்டும். அணிவகுப்பு நடந்து ஏழு மாதம் கழித்து, ஒரு புத்தகத்தின் பத்தியைப் படித்த பிறகு வந்த ஞாபகம் இது. கட்டுரையில் இதே மாதிரி ஞாபகத்தை நம்பக் கூடாது என்று நானே நாலு பக்கம் வாதாடியிருக்கிறேன். ஐந்தாம் ஆளைப் பற்றி மருந்துக்கடை அம்மாவுக்கு வந்த நிச்சயத்தை சந்தேகிக்கும் நான், என் கழுத்தின் நிச்சயத்தை மட்டும் எந்த முகத்தோடு நம்புவது?

6

கட்டுரை திரும்பி வந்த அன்று வகுப்பு காலியாகும்வரை காத்திருந்தேன். மேடம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பதினாலு. யாரு அந்தக் கட்டுரையாளர்?"

"நான்தான் மேடம்."

"அது அட்டையிலேயே இருக்கே. அந்த வரிசையில நின்னது யாரு?"

"அதுவும் நான்தான் மேடம்."

டஸ்டரைக் கீழே வைத்தார். "கேஸ் முடிஞ்சிருச்சா?"

"இல்ல மேடம். விசாரணை நடக்குது."

"அப்ப இது அடிக்குறிப்பு இல்லப்பா. சாட்சியம்." கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினார். "கட்டுரைக்கு மார்க் போட்டுட்டேன். இதுக்கு என்னால போட முடியாது."

ஐந்தாம் ஆளுக்காக இலவச சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு வக்கீலம்மா ஆஜராகிறார். அவர் அறைக்குப் போனேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. நின்றுகொண்டே சொன்னேன். கேட்டு முடித்ததும் கோப்புகளை இறக்கிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"அந்த அடையாளம் காட்டினத எடுத்துட்டா கேஸ்ல வேற எதுவும் இல்ல தம்பி. கல்லா கிடைக்கல, கம்பியில ரேகை இல்ல. அது நின்னுச்சுன்னா பத்து வருஷம் வரைக்கும் போகும். ஏற்கெனவே எட்டு மாசமா உள்ள இருக்கார்."

"அன்னைக்கு நடந்ததப் பத்தி அவர் ஏதாவது சொன்னாரா மேடம்? நாங்க பார்த்தோம்னு?"

"சொன்னாரா இல்லையாங்கறதையே உங்ககிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க கூண்டுல ஏறி அவர் ஞாபகத்தப் பேசுவீங்க. எனக்கு வேண்டியது உங்க ஞாபகம்." பேனாவை எடுத்தார். "எழுதி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"டைரி இருக்கு."

"அதுல என்ன இருக்கு?"

ஏழாவது வரியைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"கொண்டு வாங்க."

"கொண்டு வரலைன்னா?"

"இருக்குன்னு எங்கிட்ட சொல்லிட்டீங்களே," என்றார்.

சம்மன் வந்தது. வியாழக்கிழமை, காலை பத்தரை. 'தொடர்புடைய குறிப்பேடு இருப்பின் உடன் கொண்டுவரவும்.'

அடுத்த நாள் படிக்கட்டில் ஜாமீன் என்னைப் பிடித்தான்.

"என் பேரையும் சொல்லியிருக்கியாமே."

"நீயும்தானே பார்த்த. போன மாசம் இதே படியில உட்கார்ந்துதான் ஆமான்னு சொன்ன."

"நீ எப்படிக் கேட்ட? 'நாம எல்லாருமே அவரத்தானே பார்த்துக்கிட்டு இருந்தோம்'னு கேட்ட. நானும் டீ குடிச்சிக்கிட்டே ஆமான்னேன். அப்படிக் கேக்குறதுக்குப் பேர் என்ன? போன வாரம்தான் மேடம் நடத்துனாங்க."

"வழிகாட்டும் கேள்வி."

"ஆங். முழு மார்க்." அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். "டேய், ஏழு கையெழுத்து இருக்குடா அந்த ஃபாரத்துல. நாளைக்கு வக்கீலாப் பதிவு பண்ணப் போனா, பொய்யா எழுதிக் கொடுத்தவனான்னு கேப்பாங்க. அஞ்சு பேருக்குக் கல்யாணம் ஆயிருச்சு. எல்லாரையும் இழுத்துவிட்டுட்டு நீ மாட்டிக்கிட்டா உன்ன யாரு வெளிய எடுப்பா?"

"நீதான்."

அவன் சிரிக்கவில்லை. "இந்தத் தடவை நான் இல்லடா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

7

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்கு சந்தேகம். மருந்துக்கடை அம்மா. அவரை எப்படி எழுதினாலும் வராமல், ஒரு காட்சி எழுதிப் பார்த்தேன்.

[மருந்துக்கடை. நான் முழங்கைக்குப் பிளாஸ்திரி வாங்கப் போகிறேன்.

"உங்கள எங்கயோ பார்த்திருக்கேனே தம்பி."

"இல்லீங்களே."

"நம்ம கடைக்கு வழக்கமா வர்றவர்தான் நீங்க. அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்குவீங்க. எனக்கு முகம் மறக்காது."

எனக்கு அப்பா இல்லை. அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததும் அன்றுதான்

நிறுத்திக்கொள்கிறேன். இது நடக்கவில்லை. நடக்கவும் கூடாது; விசாரணையில் இருக்கும் சாட்சியிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பது தப்பு என்று இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும். இதை ஏன் எழுதினேன் என்றும் தெரியும். அந்த அம்மா முகங்களைக் குழப்பிக்கொள்பவராக இருந்தால் எனக்கு வசதி. அவர் தவறியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவர் தவறுவதுபோல எழுதினேன்.

உண்மையில் நடந்தது இது. போன வாரம் வேலை முடிந்து, கடைக்கு எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றேன். யார் வந்தாலும் அவர் வலப்பக்கக் கன்னத்தை முன்னால் கொண்டுவருகிறார். ஒரு பெரியவர் ஏதோ கேட்டார். அம்மா மேசைமேல் பாதி உடம்பைச் சாய்த்து, வலது காதைக் கொடுத்து, மறுபடி கேட்டுக்கொண்டார். புதிதாக வாங்கிய ஷட்டர் கம்பி அதன் கொக்கியில் தொங்கவில்லை. கடைக்குள், அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

ஐந்தாம் ஆள் வெளியே வந்தால் அந்தக் கம்பியை அம்மா இன்னும் கிட்டத்தில் நகர்த்துவார். அவரை அடித்தது ஐந்தாம் ஆள் இல்லையென்றால், அடித்தவன் எட்டு மாதமாக அந்தத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறான். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையின் எந்தத் திருத்தத்திலும் தெரியப்போவதில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். நாங்கள் இருவரும்தான் வீட்டில்.

"நீ பார்த்தியா இல்லையா? அதச் சொல்லு மொதல்ல."

"பார்த்தேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறேங்கறது ஒரு பதிலா? பல்லு வலிக்குதான்னு கேட்டா யாராவது வலிக்குதுன்னு நினைக்கிறேன்னு சொல்லுவாங்களா?"

"டைரியில வேற மாதிரி இருக்குக்கா."

"அந்த ஒரு பக்கத்தக் கிழிச்சிப் போடு."

அவள் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள்.

"சும்மா சொன்னேன். நீ கிழிக்க மாட்ட. கிழிச்சாலும், இன்ன தேதி பக்கம் கிழிக்கப்பட்டதுன்னு அடுத்த பக்கத்துல நம்பர் போட்டு எழுதுவ."

"உங்க ஆஸ்பத்திரில, எந்தப் பல்லுன்னு கேட்டா தப்பாக் காட்டுவாங்கன்னு சொல்லியிருக்கல்ல?"

"பாதிப் பேர் அப்படித்தான். கீழ வலிக்குதும்பாங்க, சொத்தை மேல இருக்கும். வலிக்கறது நெஜம்தான். எங்கங்கறதுதான் தெரியாது." பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அதுக்கு டாக்டர் ஒண்ணு பண்ணுவாரு. ஒவ்வொரு பல்லாத் தட்டிப் பார்ப்பாரு."

அன்று சாயங்காலம் தட்டிப் பார்த்தேன். ஒரு பழைய லிஃப்ட் சோதனைத் தாளின் பின்பக்கத்தில் அந்த அறையை வரைந்தேன். கதவு ஒரு கோடியில். அங்கிருந்து ஒன்று முதல் எட்டு. மூன்றாவது வட்டத்தின் மூக்கை ஐந்தாவது பக்கம் திருப்பினேன்.

வரைந்து முடித்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்றாவது ஆள் ஐந்தாம் ஆளைப் பார்த்துத் திரும்பினால், முதலாவதும் இரண்டாவதும் அவன் பின்மண்டைக்குப் பின்னால் போய்விடுகிறார்கள். ஜாமீன் எங்கே பார்த்தான் என்று எனக்குத் தெரியவே வழியில்லை. நாலாம் ஆளின் தலை தெரியும், கண் தெரியாது. ஆறு, ஏழு, எட்டு? ஐந்தாம் ஆளுக்கு அப்பால் ஏதோ முகங்கள், மங்கலாக. கதவும் எனக்குப் பின்னால். அந்த அம்மா உள்ளே வந்ததை நான் பார்த்திருக்க முடியாது. முதல் நாலு பேரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை என்று மூன்றாம் பகுதியில் எழுதினேனே, வாசகரே, நீங்களும் நம்பினீர்களே. அதை நான் பார்க்கவில்லை. ஏழு தலைகள் திரும்பியிருந்தன என்பதையும் பார்க்கவில்லை. பதினான்காம் அடிக்குறிப்பும் டைரியின் ஏழாவது வரி மாதிரி இன்னொரு டிக்தான். ஒன்றில் எல்லோரும் நேராக, மற்றதில் எல்லோரும் திரும்பி. இரண்டிலும் எல்லோரும்.

தட்டித் தட்டிப் பார்த்ததில் வலித்தவை மூன்று. என் கழுத்து திரும்பியது. ஐந்தாம் ஆளின் பக்கவாட்டு முகம், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, கண் சிமிட்டாமல். அந்த முகத்துக்குக் கீழே, தோளை நோக்கி வந்து, பின்வாங்கி, மறுபடி வந்த ஒரு கை.

மீதியெல்லாம் நான் எழுதியது.

இந்த மூன்றும் போதுமா என்று தெரியவில்லை. ஏழு பேர் பார்த்தார்கள் என்றால் அணிவகுப்பு அங்கேயே விழுந்துவிடும். ஒருவன் பார்த்தான் என்றால் அரசுத் தரப்பு வக்கீல், "எட்டுப் பேர் நிற்கிற வரிசையில் ஒரு தலை லேசாகத் திரும்பியதை வைத்தா அந்த அம்மா அடையாளம் காட்டினார்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு டைரியை விரிப்பார். ஐந்தாம் ஆளைக் காப்பாற்றக்கூடிய வாக்கியம் எனக்குத் தெரியாத வாக்கியம். எனக்குத் தெரிந்த வாக்கியம் அவரைக் காப்பாற்றாமல் போகலாம்.

9

முடிவு எழுத வேண்டிய இடம் இது.

"தீர்ப்பைக் கேட்டதும் ஐந்தாம் ஆள் முதல் முறையாக என்னைத் திரும்பிப்

வேண்டாம்.

"டைரியின் ஏழாவது வரியை வக்கீல் உரக்கப் படித்தபோது நீதிமன்றம்

இதுவும் வேண்டாம். இன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை நடக்கப்போவதை இன்றே எழுதினால், அது கண்ணுக்கு முன்னால் போன கை. அந்த வேலையை நான் இரண்டு முறை செய்தாகிவிட்டது.

நடந்து முடிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். டைரி பையில் இருக்கிறது. பக்கம் கிழிக்கப்படவில்லை. நான் வரைந்த படத்தையும் மடித்து அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம் முப்பத்தொரு டிக்குகள்.

மீதிக்கு வாசகரான உங்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. நாளை மறுநாள் கூண்டில் நான் சொல்லக்கூடியவை எட்டு வாக்கியங்கள். அவற்றை வரிசையாக நிறுத்துகிறேன். பேனா, ஷூ எல்லாம் கழற்றியாகிவிட்டது. நான் சொல்லப்போகும் வாக்கியம் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் யாரையாவது காட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒன்று. எல்லோரும் நேராகப் பார்த்தோம்.

இரண்டு. ஏழு பேரும் அவரைத்தான் பார்த்தோம்.

மூன்று. யார் எங்கே பார்த்தார்கள் என்று ஞாபகமில்லை.

நான்கு. டைரியில் இருப்பதுதான் சரி.

ஐந்து. அந்த அம்மா எங்கள் பார்வையைப் பார்த்துத்தான் அவரைக் காட்டினார்.

ஆறு. நான் திரும்பினேன், மற்றவர்களை நான் பார்க்கவில்லை.

ஏழு. படித்ததையும் பார்த்ததையும் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

எட்டு. கையெழுத்துப் போட்டதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கதவைத் திறந்து வாருங்கள். நான் ஓரமாக நின்று எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எந்த வாக்கியத்தின் பக்கமும் திரும்பாமல். போகும்போது உங்களிடமும் ஒரு படிவம் நீட்டுவார்கள். 'எழுதியவர் நேராகப் பார்த்தபடி நின்றார்' என்று அதில் அச்சடித்திருக்கும், பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். டிக் போடுவதற்கு முன்னால் ஒரு முறை என் கண்ணைப் பாருங்கள்.